எக்ஸ் பத்தும் ஒரு புள்ளியும்: மேனுவல் தெளிவு குறித்து ஓர் ஆய்வு

மென்பொருளையோ எந்திரத்தையோ ஆக்கியோர், அதை ஆள்வோருக்கென எழுதித் தரும் விளக்கநூல் மேனுவல் எனப்படும். அது தெளிவாக இருக்க வேண்டுமா, இருந்தாலே போதுமா என்னும் வழக்கு, 1964-இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பட்டறைகளிலும், அதே பேட்டைக்குள் பின்னாளில் எழுந்த கண்ணாடிச் சுவர் ஐ.டி. கட்டடங்களிலும் ஒரே சூட்டோடு நடந்து வருகிறது. இரு சாராரும் ஒருவரையொருவர் அறியார் என்பதும், இரு சாராரும் பட்டரவாக்கத்தில் ஒரே மின்ரயிலிலிருந்து இறங்குகின்றனர் என்பதும் தனி ஆய்வுக்கு உரியவை.

இவ்வழக்கில் கட்சிகள் இரண்டு. சூத்திரக் கட்சியார், மேனுவல் தெரிந்தவருக்கு நினைவூட்டலே அன்றித் தெரியாதவருக்குப் பாடம் அன்று என்பர். 1971 நவம்பரில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்துக்கு எழுதிய முதல் மேனுவலைச் சான்று காட்டுவர். அது கட்டளைகளைச் சுருங்க விளக்கியதோடு, 'பிழைகள்' என்றொரு தலைப்பையும் வைத்துத் தன் குறையைத் தானே ஒப்புக்கொண்டது. (இந்நேர்மை பிற்கால மேனுவல்கள் பலவற்றுக்கு வாய்க்கவில்லை, அவை குறையையும் 'சிறப்பம்சம்' என்னும் தலைப்பின்கீழ் வைக்கும்.) உரைக் கட்சியாரோ, எடுத்துக்காட்டு இல்லாத மேனுவல், பீரோவுக்குள் சாவியை வைத்துப் பூட்டியதற்கு ஒப்பாகும் என்பர்.

இரு கட்சியாரும் பவணந்தி முனிவரைப் புரட்டிப் பாராதது வியப்பே. அவர் இயற்றிய, 13-ஆம் நூற்றாண்டினதாகிய நன்னூல், நூலுக்குரிய குற்றம் பத்து என வகுத்து, குன்றக் கூறலை முதலிலும் மிகைபடக் கூறலை அடுத்தும் வைத்தது; ஆகவே அறுபது பக்க மேனுவலை அறுநூறு பக்கமாக்கினால் முதற்குற்றம் நீங்கி இரண்டாம் குற்றம் சேரும் என்பது பெறப்படும். சூத்திரங்கள் தம்முள் தொடரும் முறையையும் அந்நூல் நான்காகப் பகுக்கிறது. அவற்றுள் இடைப்பட்டவற்றைத் தாண்டிச் சென்று பொருந்துவது தவளைப் பாய்த்து எனப்படும். '7-ஆம் அதிகாரம் காண்க' என்னும் மேனுவல் வாக்கியம் இவ்வகையினது. அங்கே சென்றவரை 3-ஆம் அதிகாரத்துக்கே திருப்பி அனுப்பும் வகைக்கு நன்னூலில் பெயர் இல்லை. அத்தவளை அக்காலத்தில் பிறந்திருக்கவில்லை போலும்.

பட்டறைச் சான்றுக்கு வருவோம். சி.என்.சி. என்பது கணினி நிரலின் சொற்படி இரும்பைக் கடையும் எந்திரம். அதன் நிரல் தூய சூத்திர நடையினது: ஜி 00 என்றால் வெட்டாமல் விரைந்து நகர்க, ஜி 01 என்றால் குறித்த வேகத்தில் நேர்கோட்டில் வெட்டிச் செல்க, எம் 08 என்றால் கூலன்ட் திறக்க, எம் 30 என்றால் நிரல் முற்றிற்று. ஜி 01 ஒருமுறை சொல்லப்பட்டால், மாற்றுக் கட்டளை வரும்வரை பின்வரும் வரிகளையும் அதுவே ஆளும் என்பதால், இது அந்நான்கனுள், ஆற்றுநீர்போல் இடையறாது தொடர்வதாகிய ஆற்றொழுக்கின்பாற்படும். முந்தைய வரியைப் பாராது இந்த வரியை மட்டும் திருத்தியவரின் டூல், ஜாபில், அதாவது கடையப்படும் இரும்பில், போய் மோதக்கூடும். தொல்காப்பியத்தை இடையில் திறந்து படித்தவரின் துன்பம் மதிப்பெண்ணோடு முடியும். டூலுக்கோ விலை உண்டு.

புள்ளியின் செய்தி இதனினும் நுட்பமானது. பல கட்டுப்பாட்டுக் கருவிகளில் 'எக்ஸ் 10' என எழுதி ஒரு புள்ளி வைத்தால் 10 மில்லிமீட்டர்; புள்ளியை விட்டால் 10 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஓலை கிழியும் என்று அஞ்சி மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாது விட்ட ஏடுகளைப் பதிப்பாசிரியர்கள் பொருள் நோக்கிப் படித்துக்கொண்டனர். எந்திரம் அவ்வாறு படித்துக்கொள்வதில்லை. இவ்விதி மேனுவலில் இல்லாமல் இல்லை. பாராமீட்டர் அட்டவணையில், ஒரு பிட்டின் மதிப்பு 0 ஆனால் இன்னது, 1 ஆனால் இன்னது என்னும் வரியில் அடக்கமாக இருக்கிறது. இது குன்றக் கூறலும் அன்று, மிகைபடக் கூறலும் அன்று. பத்தனுள் ஒன்றாகிய மயங்க வைத்தல் எனத் துணியலாம்.

எனவே சூத்திரத்தைத் தொட வேண்டியதில்லை; அதற்குக் காண்டிகை உரை, அதாவது கருத்தும் சொற்பொருளும் எடுத்துக்காட்டும் வினாவிடையும் கொண்ட சிற்றுரை, ஒன்று சேர்த்தால் போதும். அம்பத்தூரில் இது பாதி நடந்தேறியுள்ளது: எந்திரத்தின் பேனலில் செல்லோடேப் போட்டு ஒட்டிய, எண்ணெய்க் கை பட்டு மங்கிய தாளில், நிரல் கட்டளைகளின் பொருள் பேனாவால் எழுதப்பட்டிருக்கும். மீதிப் பாதி வாய்மொழி. இறையனார் களவியலின் 60 சூத்திரங்களுக்கு நக்கீரர் கண்ட உரை, பத்துப் பேர் வழியாகச் செவிவழி வந்ததாக அவ்வுரையே கூறும். வேலையை விட்டுப் போகிறவர் தமக்குத் தெரிந்ததைக் கடைசி வாரத்தில் வாயால் சொல்லிச் செல்லும் இம்முறை ஐ.டி. கட்டடங்களில் கே.டி. எனப்படும், காவல் நிலையச் சுவரில் படத்தோடு ஒட்டப்படும் கேடி வேறு. பட்டறையில் இதற்குத் தனிப்பெயர் இல்லை. "அண்ணனைக் கேளு" என்பதே வழக்கு. அவ்வண்ணன் ஆவடியிலிருந்து வருபவர். இந்த வாரம் அவருக்கு நைட் ஷிப்ட்.