குண்டுக் கணக்கு

1980களின் கடைசியில் டெக்சஸின் சான் ஆஞ்சலோ பக்கம் பண்ணைக்காரர்களுக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மொஹேர் மயிருக்காக அங்கோரா ஆடு வளர்க்கும் சீமை. ஆடுகள் குட்டி போடும் பருவத்தில் கயோட்டி வரும். நரிக்கு அண்ணன், ஓநாய்க்குத் தம்பி. பண்ணைக்காரர்களுக்குத் தூக்கம் போய்விடும்.

என்னிடம் கணக்கு வைத்திருந்த ஒரு பெரியவர் தோட்டாவைக் கடையில் வாங்கமாட்டார். புறா சீசனில் சுட்டுப்போட்ட காலிக் கூடுகளைப் பொறுக்கி வந்து, கொட்டகை மேசையில் திருகியிருந்த கைப்பிடி யந்திரத்தில் தானே அடைப்பார். ஓர் இழுப்புக்குப் பழைய பொட்டு கழன்று விழும். பிறகு புதுப் பொட்டு, மருந்து, வாட் என்னும் அடைப்பு, ஈயக் குண்டு. வெடிக்கும் வேகத்தில் ஈயம் நசுங்கினால் குண்டு கோணலாக ஓடும் என்று குண்டுகளுக்கிடையே மைதா மாவும் தூவுவார். மாவு வீட்டம்மாவின் சமையலறை டப்பாவிலிருந்து வரும்; அம்மாள் முணுமுணுப்பார்.

சோதனையும் சுருக்கம்தான். வேலியில் பழைய செய்தித்தாளைக் கட்டி, காலடியால் 40 கஜம் அளந்து, ஒரு வெடி. தாளை வெயிலில் தூக்கிப் பிடித்து, "இதுல கயோட்டி நுழைஞ்சு தப்பிக்க இடமிருக்கா?" என்பார். துளைகளை எண்ணலாமே என்றால், "எண்றது உன் பொழப்பு."

இப்போது மகன் காலம். கொட்டகைக்கு ஏசி வந்துவிட்டது. ஈயம் போய் டங்ஸ்டன். ஈயம் கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம் என்றால் இது சுமார் 18. சின்னக் குண்டே தூரம் போய்த் துளைக்கும். சின்னது என்பதால் கூட்டுக்குள் அதிகம் கொள்ளும். ஒரு தோட்டாவுக்குப் பல டாலர் என்பதை அவனாகச் சொல்லமாட்டான், ரசீது சொல்லும். மைதா ஈரம் இழுக்குமாம். பதிலுக்குப் பிளாஸ்டிக் தூள். மருந்தை மின்தராசில் நிறுக்கிறான். 40 கஜத்தை லேசர் அளக்கிறது. தாளில் 30 அங்குல வட்டம் போட்டு, உள்ளே விழுந்தது எத்தனை சதவீதம் என்று பார்க்கிறான். வாய் ஒடுங்கிய ஃபுல் சோக் குழலுக்கு 70 என்பது பழைய வாய்ப்பாடு. இவனுக்கு 85 வராவிட்டால் சோறு இறங்காது.

ஆனால் வட்டத்துக்குள் 85 விழுந்தும் எல்லாம் ஒரு பக்கமே குவிந்தால் மறுபக்கம் கயோட்டி தாராளமாகப் போகும். அந்த இடைவெளியைச் சதவீதம் காட்டாது. பெரியவர் தேடியது அதைத்தான்.

இதற்கிடையில் ஆடு போய்விட்டது. 1954 கம்பளிச் சட்டத்தின்படி மொஹேருக்கு வந்த அரசு மானியத்தை 1993இல் காங்கிரஸ் வெட்டியது. 1995 முடிவோடு அந்தத் திட்டம் நின்றது. மந்தையை விற்ற கணக்கையும் நான்தான் எழுதினேன். இன்று அந்தப் பண்ணையில் மெஸ்கீட் முள், மான், கயோட்டி. ஒரு வெள்ளாட்டுக்குட்டி கிடையாது.

போன மாதம் மகன் டங்ஸ்டன் ரசீதோடு வந்தான்.

"கால்நடைப் பாதுகாப்புன்னு போட்டுடுங்க."

"எந்தக் கால்நடை?"

கொஞ்சம் யோசித்தான். "மான்?"

காட்டு மான் டெக்சஸ் மக்களின் பொதுச்சொத்து. என் பேரேட்டில் ஏறாது. 'இதரம்' என்று போட்டேன்.