வென்றவருக்கு எப்போது பதவிப் பிரமாணம்?

அனுப்புநர்:
டைனோ கிரைசிஸ் தொகுதி வாக்காளப் பெருமக்கள்

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
கேப்காம் நிறுவனம்,
ஒசாகா, ஜப்பான்.

பொருள்: தாங்கள் நடத்திய தேர்தலில் முதலிடம் பெற்றவரை வாசலிலேயே நிறுத்தி வைத்திருப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

2025 பிப்ரவரி 4-ஆம் தேதி தாங்கள் ஒளிபரப்பிய ‘கேப்காம் ஸ்பாட்லைட்’ நிகழ்ச்சியைக் கண்டு புளகாங்கிதம் அடைந்தோம். மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ் வந்தது. ஓனிமுஷா வந்தது. பழைய சண்டை கேம்களின் இரண்டாவது தொகுப்பு வந்தது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் சேர மாய் சிரானுய் விசிறியும் கையுமாக வந்தார். நன்றி சொன்னீர்கள், முடித்துக்கொண்டீர்கள். தேர்தலில் ஜெயித்தவர் பெயரை மட்டும் கடைசிவரை யாரும் கூப்பிடவில்லை. ஒலிபெருக்கியில் ஏதோ கோளாறு என்று எங்களுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

எந்தத் தேர்தல் என்று தாங்கள் கேட்க மாட்டீர்கள். நாற்பதாம் ஆண்டுக் கொண்டாட்டத்தை ஒட்டி 2024-இல் தாங்களே வைத்த தேர்தல். ‘சூப்பர் எலெக்ஷன்ஸ்’ என்று பெயரும் தாங்களே சூட்டினீர்கள். தங்கள் வீடியோ கேம் தொடர்களில் எதற்கு அடுத்த பாகம் வேண்டும் என்று உலகம் முழுக்கக் கேட்டீர்கள். உலகம் முழுக்க ஒரே பதில் வந்தது: டைனோ கிரைசிஸ்.

ஐயா, அந்த வேட்பாளரின் நிலையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். கடைசியாக மக்கள் முகத்தில் விழித்தது 2003-இல். அதுவும் எக்ஸ்பாக்ஸில் மட்டும், விண்கலத்துக்குள், எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாத கேமராவோடு. அதன்பின் போஸ்டர் கிடையாது, பிரசார வேன் கிடையாது, கட்சிச் செலவு ஒரு பைசா கிடையாது. எதிரில் மெகா மேன் முதல் டார்க்ஸ்டாக்கர்ஸ் வரை பெரிய பெரிய தலைகள். இருபது வருடம் தொகுதிப் பக்கமே வராதவர் முதலிடத்தில் ஜெயித்திருக்கிறார். முடிவை அறிவித்ததும் தாங்கள்தான். கள்ள ஓட்டு என்று ஒருவரும் கூச்சல் போடவில்லை, மறு எண்ணிக்கை கேட்டு யாரும் கோர்ட்டுப் படி ஏறவில்லை. இவ்வளவு சுத்தமான தேர்தலை நாங்கள் பார்த்ததே இல்லை.

அடுத்தது அமைச்சரவை. 2024 டிசம்பரில் கேம் அவார்ட்ஸ் மேடையில் ஓனிமுஷாவுக்குப் புதிய பாகம் என்றீர்கள். ஓகாமிக்கு அடுத்த பாகம் என்றீர்கள். கைதட்டினோம், ஐயா, கைவலிக்கத் தட்டினோம். 2006-இல் ஓகாமியை எடுத்த குளோவர் ஸ்டுடியோவுக்கு மறுவருடமே பூட்டுப் போட்டீர்கள். ஓகாமியின் இயக்குநர் ஹிடேகி காமியா வெளியேறி வேறு இடத்தில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறார். அப்படி ஒரு மறுவாழ்வு கொடுத்த தங்கள் பெருந்தன்மையை மறுக்க முடியுமா? ஓகாமி மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. கையோடு ஓர் அறிக்கையும் விட்டீர்கள்: சமீபத்தில் புதிய பாகம் வராமல் உறங்கிக் கிடக்கும் தொடர்களை எழுப்புவதில் இனி கவனம் செலுத்துவீர்களாம். எங்கள் வேட்பாளர் உறங்கவில்லை, ஐயா. வெற்றிச் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு கொட்டக் கொட்ட விழித்திருக்கிறார்.

2025 ஜனவரி 29 அன்று அவருக்கும் ஒன்று கொடுத்தீர்கள், இல்லை என்று சொன்னால் வாய் வெந்துவிடும். ஜிஓஜி என்ற போலந்துக் கடையில் முதல் இரண்டு பாகங்களும் விற்பனைக்கு வந்தன. 1999-இல் வந்த அதே கேம், 2000-இல் வந்த அதே கேம், இன்றைய விண்டோஸில் ஓடும்படி துடைத்து வைத்திருக்கிறார்கள். துடைத்தவர்களுக்குக் கோடிப் புண்ணியம். அந்தக் கடையிலும் ரசிகர்கள் ஓட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்த கேம்தான் இது. ஆக இரண்டு தொகுதியில் ஜெயித்தவருக்குத் தாங்கள் கொடுத்திருப்பது, இருபத்தைந்து வருடத்துக்கு முன்பு எடுத்த அவருடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. கழுவிப் பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறீர்கள். மாட்டிக்கொள்கிறோம்.

கட்சி தாவி வருகிறவர்களைத் தாங்கள் உபசரிக்கும் அழகை இங்கே சொல்லியாக வேண்டும். மாய் சிரானுய் யார்? தொண்ணூறுகளில் தங்கள் பரம எதிரியாக இருந்த எஸ்என்கே கம்பெனியின் ஆள். அவருக்கு முன்னால், 2024 செப்டம்பரில், அதே முகாமிலிருந்து டெர்ரி போகார்ட் வந்து ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் அமர்ந்தார். எதிர்க்கட்சிக்காரர்களுக்கு சீட் உண்டு, துண்டு போட்டு இடம் பிடித்து வைப்பதும் உண்டு. சொந்தக் கட்சியில் செங்கூந்தலோடு காத்திருக்கும் டைனோ கிரைசிஸ் நாயகி ரெஜினாவுக்கு மட்டும் நாற்காலி தீர்ந்துபோகிறது.

டைனோசர் என்றால் தங்களுக்கு ஆகாது என்றும் சொல்ல வழியில்லை. 2022 மார்ச்சில் ஒரு டிரெய்லர் விட்டீர்கள். வானத்தில் ஓட்டை விழுந்து டைனோசர்கள் கொட்டின. நடுவில் ஒரு செங்கூந்தல் பெண் வந்தார். உலகமே எழுந்து நின்றது. கடைசியில் பெயர் வந்தது: எக்ஸோபிரைமல். இரும்புக் கவசம் மாட்டிய ஐந்து பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து ஆன்லைனில் ராப்டர்களை மூட்டை மூட்டையாகச் சுட்டுத் தள்ளும் கேம். 2023 ஜூலையில் வந்தது. அடுத்த ஆண்டே அதற்குப் புதிய சீசன்கள் நின்றுபோயின. ஒரே பெயரில் இரண்டு மூன்று பேரை நிறுத்தி வாக்காளரைக் குழப்பும் உத்தி எங்களுக்கும் தெரிந்ததுதான். ஆனால் உண்மையான வேட்பாளர் மனுவே தாக்கல் செய்யாதபோது டம்மியை மட்டும் நிறுத்தும் துணிச்சலை இப்போதுதான் பார்க்கிறோம்.

இது முதல் தேர்தலும் கிடையாது. 2010 செப்டம்பரில் மெகா மேன் லெஜண்ட்ஸ் 3 வருகிறது என்றீர்கள். இரண்டாம் பாகத்தின் முடிவில், 2000-இல், நாயகன் மெகா மேன் விண்வெளியில் எலிசியம் என்ற இடத்தில் மாட்டிக்கொள்கிறான். கீழே தோழிகள் ரோலும் டிரானும் அவனைக் கொண்டுவர ராக்கெட் கட்டுகிறார்கள். பத்து வருடம் கழித்து அதன் தொடர்ச்சி. அதோடு நிற்காமல் ரசிகர்களே கூட இருந்து உருவாக்கலாம் என்று கதவைத் திறந்தீர்கள். ரோல் எந்தத் தோற்றத்தில் வர வேண்டும் என்று வாக்கெடுப்பு வைத்தீர்கள். சனங்கள் படம் வரைந்து அனுப்பினார்கள், யோசனை சொன்னார்கள், விவாதித்தார்கள். 2011 ஜூலையில் கேமை ரத்து செய்தீர்கள். தருவதாகச் சொன்ன மாதிரிப் பதிப்பையும் சேர்த்துப் புதைத்தீர்கள். அதற்கு மேல் தங்கள் ஐரோப்பியக் கிளை ஒரு விளக்கம் சொன்னது: எதிர்பார்த்த அளவுக்கு ரசிகர்கள் பங்கெடுக்கவில்லையாம்.

வெட்கமாக இல்லையா? கூலி வாங்காமல் உழைத்தவர்களிடம் வேலை போதவில்லை என்று சொல்ல எப்படி வாய் வந்தது? வேண்டாம் என்று முடிவெடுத்தது கணக்குப் பார்க்கும் அறையில். பழியைத் தூக்கிப் போட்டது, கேமை நேசித்த ஒரே குற்றத்துக்காக உங்கள் வாசலில் வந்து நின்றவன் தலையில். செய்ய மனமில்லை என்றால் செய்யாமல் இருங்கள். கூப்பிட்டுக் கேட்டுவிட்டு, வந்தவனையே குற்றவாளி ஆக்காதீர்கள்.

மன்னிக்கவும், ஐயா. வாக்காளர் சற்று உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்.

அதற்கு அடுத்த ஆண்டே தாங்கள் மருந்து தடவினீர்கள் என்பதையும் பதிவு செய்கிறோம். 2012, மெகா மேனுக்கு இருபத்தைந்து வயது நிறையும் வருடம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் கிராஸ் டெக்கன் கேமில் அவரைக் கொண்டுவந்தீர்கள். முதல் கேமின் அமெரிக்க அட்டையில், விளையாடியே பார்க்காத யாரோ வரைந்ததுபோல் மஞ்சளும் நீலமுமாகக் கைத்துப்பாக்கியோடு ஒரு நடுத்தர வயது ஆள் நிற்பாரே, அவருக்குத் தொந்தியும் வைத்து மேடையேற்றினீர்கள். தோற்ற வேட்பாளருக்கே இப்படி ஒரு பாராட்டு விழா என்றால், ஜெயித்தவருக்கு என்ன காத்திருக்கிறதோ என்று நினைக்கும்போதே நெஞ்சு அடைக்கிறது.

தங்கள் நிர்வாகத் திறமையில் எங்களுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. 2024 மார்ச்சோடு முடிந்த நிதியாண்டோடு சேர்த்து, தொடர்ந்து 9 ஆண்டுகளாக இயக்க இலாபம் ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறியிருக்கிறது. தலைவர் நாற்காலியில் கென்ஸோ சுஜிமோட்டோ. 2007 முதல் நிறுவனத்தின் பிரெசிடெண்ட் அவருடைய மூத்த மகன். மான்ஸ்டர் ஹன்டர் இலாகா இன்னொரு மகனிடம். இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ளத் தமிழ் வாசகருக்கு அடிக்குறிப்பு தேவைப்படாது. தலைவருக்குக் கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் சொந்தமாக ஒயின் தோட்டமும் இருக்கிறது. சரக்கு பழசாகப் பழசாகத்தான் மதிப்பு என்று அறிந்தவர். எங்கள் பணிவான கேள்வி ஒன்றுதான்: அங்கேயும் புட்டிகளை யாருக்கும் திறக்காமல்தான் வைத்திருக்கிறாரா?

செலவுக்குப் பயம் என்றால் தங்கள் கணக்கையே தங்களிடம் காட்டுகிறோம். பத்து லட்சம் பிரதிக்கு மேல் விற்ற கேம்களின் பட்டியலைத் தாங்களே வெளியிடுகிறீர்கள். அதில் முதல் டைனோ கிரைசிஸ் சுமார் 24 லட்சம். இரண்டாம் பாகமும் பட்டியலில் இருக்கிறது. முதல் கேமை இயக்கியவர் ரெசிடென்ட் ஈவிலைத் தொடங்கிய அதே ஷின்ஜி மிகாமி. அதே பூட்டிய கதவுகள், அதே குறைச்சலான தோட்டாக்கள். ஆனால் ஜாம்பி வாசலோடு நின்றுவிடும். ராப்டர் அடுத்த அறைக்குள்ளும் துரத்திக்கொண்டு வரும். 2019-இல் ரெசிடென்ட் ஈவில் 2-ஐப் புதிதாக எடுத்தீர்கள், ஒரு கோடிப் பிரதிக்கு மேல் போனது. மூன்றையும் எடுத்தீர்கள், நான்கையும் எடுத்தீர்கள். கருவி இருக்கிறது, கைப்பழக்கம் இருக்கிறது, காசு இருக்கிறது, ஓட்டும் விழுந்தாயிற்று.

இத்தனை இருந்தும் ஏன் வரவில்லை என்று எங்களுக்குப் புரியாமல் இல்லை. ஒரு மான்ஸ்டர் ஹன்டர், ஒரு ரெசிடென்ட் ஈவில் எடுக்கப் பல வருடமும் ஏராளமான ஆட்களும் வேண்டும். 24 லட்சம் விற்ற பெயருக்கு ஒரு குழுவை ஒதுக்குவதைவிட, கோடிகளில் விற்கும் பெயருக்கு ஒதுக்குவது லாபம். இது கடைக்காரர் நியாயம். தப்பென்று சொல்ல மாட்டோம். இதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால், திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். இருபது வருடமாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தோம். எங்களைத் திரும்பக் கூப்பிட்டு விரலில் மை வைத்தது தாங்கள்.

எனவே கீழ்க்கண்ட கோரிக்கைகளைத் தங்கள் மேலான பரிசீலனைக்கு வைக்கிறோம்.

ஒன்று: வென்றவருக்கு உடனே பதவிப் பிரமாணம் செய்து வைக்கவும். ரீமேக் என்றாலும் சரி, புதிய பாகம் என்றாலும் சரி. இலாகா எதுவானாலும் ஏற்றுக்கொள்வோம். விண்கலம் மட்டும் வேண்டாம்.

இரண்டு: முடியாதென்றால், வரும் மே மாத ஆண்டு நிதி அறிக்கையில் ஒரே ஒரு வரி போதும்: டைனோ கிரைசிஸ் எடுக்கப்போவதில்லை. அழுதுவிட்டு எழுந்துவிடுவோம்.

மூன்று: இரண்டும் முடியாதென்றால், அடுத்த தேர்தல் அறிவிக்கும்போதே, எதற்கு ஓட்டுப் போட்டாலும் தொகுப்பு டிஸ்க்கும் டி-ஷர்ட்டும்தான் கிடைக்கும் என்று வாக்குச் சீட்டிலேயே அச்சிடவும். நோட்டாவுக்கும் ஒரு பொத்தான் வைக்கவும். இந்த முறை அதுவே ஜெயிக்கும். ஜெயித்த வேட்பாளர் வராமல் இருப்பதும் அப்போது ஒழுங்கான நடைமுறை ஆகிவிடும்.

தங்கள் ஆயுள் நீடிக்கவும், லாபம் மேலும் பத்து சதவீதம் கூடவும் வேண்டிக்கொள்ளும்,

தங்கள் உண்மையுள்ள,
டைனோ கிரைசிஸ் தொகுதி வாக்காளர்கள்

நகல்:
1. டைனோ கிரைசிஸ் 2 நாயகன் டிலன் மார்ட்டன், எட்வர்ட் சிட்டி. (இடிபாட்டில் கால் சிக்கிய மகளோடு தாங்கள் தங்கிவிட, திரும்பி வருகிறேன் என்று 2000-ஆம் ஆண்டு ரெஜினா தங்களிடம் சொல்லிவிட்டுப் போனது தகவலுக்காக. அவர் சொன்னதைச் செய்யக்கூடியவர்தான். அனுமதி ஒசாகாவில் நிலுவையில் உள்ளது.)
2. மெகா மேன், எலிசியம். (ராக்கெட் தொடர்பாகத் தனிக் கடிதம் அனுப்பப்படும்.)