நூல் பிசகாத மாமா

ஏற்காட்டில் வீடு கட்டிக் குடியேறும் ரிட்டயர்டு ஆட்கள் முதல் வருஷம் ரோஜா வளர்ப்பார்கள், இரண்டாம் வருஷம் நாய் வளர்ப்பார்கள். மூன்றாம் வருஷம் கை நமநமக்கும். என் அக்கா வீட்டுக்காரர் மூன்றாம் வருஷத்தில் தச்சரானார்.

பழியை சில்வர் ஓக் மேல்தான் போட வேண்டும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். காபிக்கு நிழல் வேண்டுமென்று பின்னால் வந்தவர்கள் இந்த ஆஸ்திரேலிய மரத்தை வரிசை வரிசையாக நட்டார்கள். மரத்தில் மிளகுக்கொடி ஏறியது. மரத்தைப் பார்த்து மாமாவுக்கு ஆசை ஏறியது. தோட்டக்காரர் ஒருவர் காற்றில் சாய்ந்ததை அறுத்துப் பலகையாகக் கொடுத்தார். இழைத்துவிட்டால் உள்ளே சரிகை ஓடியதுபோல் மின்னும். தூள் பட்டால் சிலருக்கு உடம்பு அரிக்கும். மாமா அந்தச் சிலரில் ஒருவர்.

பேங்கில் பைசா பிசகாமல் கணக்கு முடித்தவர் என்பதால் கையை நம்ப அவருக்கு மனம் வரவில்லை. ஜிக்கை நம்பினார். கருவி தப்பான இடத்துக்குப் போகாதபடி பிடித்து நிறுத்தும் சட்டம்தான் ஜிக். இழுப்பறை மூலைக்குப் புறாவின் வால்போல் விரிந்த ‘புறாவால்’ பல் வெட்ட ஒன்று, சாய்வாக 15 டிகிரியில் துளை போட்டு ஸ்க்ரூ முடுக்க ஒன்று, 45 டிகிரி அறுக்க ஒன்று. எல்லாம் பெட்டி பெட்டியாக 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து இறங்கின. விலை கேட்ட அக்காவிடம், “ஒருமுறை செலவும்மா” என்றார். பேங்கில் லோன் கொடுக்கும்போதும் இதைத்தான் சொல்லியிருப்பார் போல.

ஜிக் துல்லியமா? துல்லியம்தான். மாமா வெர்னியர் வைத்து அளந்து காட்டினார். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடப் பிசகவில்லை. ஆனால் அந்தத் துல்லியம் பெட்டியைத் திறந்ததும் மரத்தில் இறங்கிவிடாது. புறாவால் ஜிக்கில் பல் லொடலொடவென்று இருந்தால் மரம் குடையும் ரவுட்டரின் பிட்டை ஒரு மயிரிழை இறக்க வேண்டும், இறுகினால் ஏற்ற வேண்டும். பலகை எல்லாம் ஒரே கனத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கழிவுத் துண்டில் வெட்டிப் பார்க்க வேண்டும். கழிவு தீர்ந்ததும் மாமா நல்ல பலகையைக் கழிவாக்கினார். டிரஸ்ஸிங் டேபிள் இழுப்பறையாகத் தொடங்கியது அஞ்சறைப் பெட்டியாகக் குறுகி, கடைசியில் சாவி போடும் டப்பாவாக நின்றது. டப்பாவின் பல்வரிசையைக் குறை சொல்ல முடியாது.

போட்டோ சட்டம்தான் பெரிய கதை. நாலு மூலை என்றால் எட்டு வெட்டு. வெட்டுக்கு அரை டிகிரி பிசகினால் கடைசி மூலையில் 4 டிகிரி வாயைப் பிளக்கும். மாமாவின் ஜிக்கில் அந்தப் பேச்சே இல்லை. தாத்தா படத்தை மாட்டிய அன்று நாலு மூலையிலும் தாள் நுழையாது. அப்புறம் ஜூலை வந்தது. ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து சோபாவில் உட்காரும் மாதம். சட்டத்தின் வெளிமூலைகள் மெல்லப் பிரிந்தன. மறு வருஷம் ஏப்ரல் வெயிலில் வெளிமூலை மூடிக்கொண்டு உள்மூலை பிரிந்தது.

மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது, அகலவாக்கில் மூச்சு விடும். ஈரப்பதம் 10 சதவீதத்திலிருந்து 16க்கு ஏறினால் 200 மில்லிமீட்டர் அகலப் பலகை சுமார் 3 மில்லிமீட்டர் உப்பும். நம் ஆசாரிமார் அங்குலத்தை எட்டாகப் பிரித்து நூல் என்பார்கள்; ஒரு நூல் 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஆக, மாமா பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்குப் பணம் கட்டினார், ஏற்காட்டுப் பனி ஒரு நூலாகத் திருப்பிக் கொடுத்தது. இதே சேலம் மாவட்டத்தில் இருக்கும் தம்மம்பட்டி மரச்சிற்பிகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. முகத்தின் நீளத்தை ஒரு தாலமாக வைத்து மற்ற உறுப்புகளை அதன் கணக்கில் செதுக்குகிறார்கள். மரம் உப்பினால் சாமி கொஞ்சம் பூசினாற்போல் ஆவார், அவ்வளவுதான்.

கதவு தட்டுகிறதென்று இழைக்க வந்த ஆசாரி இந்த ஆயுதசாலையைச் சுற்றிப் பார்த்தார். “நமக்கும் ஜிக்கு உண்டு சார்” என்றார். ரீப்பர் துண்டில் பிளைவுட் ஒட்டு ஒன்றை ஆணியடித்துக் கீல் பதிக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டார். வீட்டுக் கதவுகள் அத்தனைக்கும் அதே துண்டு. வேலை முடிந்ததும் அதை வெந்நீர் அடுப்பில் போட்டார். அடுத்த வீட்டுக் கதவு வேறு அளவு, அதற்கு வேறு துண்டு.

உடனே ஆசாரி கையே ஜிக், கடைச் சரக்கெல்லாம் வீண் என்று நான் முடிவு கட்டிவிடவில்லை. இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் மார்க் பிரூனல் கப்பி செய்ய இயந்திரங்கள் வைத்தார். செய்து கொடுத்தவர் ஹென்றி மோட்ஸ்லி. கைதேர்ந்த 110 பேரின் வேலையைப் பழக்கமில்லாத 10 பேர் செய்தார்கள். 1808-ல் மட்டும் 1,30,000 கப்பிகள். கட்டையைப் பிடித்து நிறுத்தும் சட்டமும் கருவியை வழிநடத்தும் இயந்திரமும் அங்கே போட்ட காசை எடுத்துவிட்டன. கடற்படைக்கு ஒரே கப்பி ஆயிரக்கணக்கில் வேண்டும். என் அக்காவுக்கு வேண்டியது ஒரு டிரஸ்ஸிங் டேபிள்.

இது மாமாவைவிட ஆசாரிக்கு முதலில் புரிந்தது. ஒரு காட்டேஜ்காரர் எல்லா அறைக்கும் ஒரே மாதிரி பிளைவுட் அலமாரி கேட்டிருந்தார். “சாய்ஞ்ச துளை போடுற அந்த நீலப் பெட்டியை ரெண்டு நாளைக்குக் குடுங்க சார்” என்று வாங்கிப் போனார். பிளைவுட் பனிக்கு அவ்வளவாக அசையாது, அலமாரிகள் ஒரே அளவு, துளைகள் நூற்றுக்கணக்கில். அந்த ஜிக் பிறந்ததே இதற்குத்தான். அது இன்னும் திரும்பி வரவில்லை. மாமா போன் செய்தால், “அருமையான சாமான் சார், நல்லாப் பாத்து வாங்கியிருக்கீங்க” என்று பதில் வருகிறது. முதலீட்டுக்கு லாபம் வந்துவிட்டது, வேறு கணக்கில்.

மாமா இப்போது மரத்தின் ஈரம் அளக்கும் மீட்டர் வாங்கியிருக்கிறார். காலையில் எழுந்ததும் பலகையில் குத்தி, “பதினேழு” என்று உரக்க வாசிக்கிறார். நேற்று வெயில் வருகிறதா என்று பார்க்க வெளியே வந்த அக்கா, கொடியில் கிடந்த புடவையைத் தொட்டுப் பார்த்து, “எனக்கும் பதினேழுதான் காட்டுது” என்றாள்.