கொடுமுடியில் ஒரு கோல்ஃப் மைதானம்

கோவைப் பெரிய மனிதர் ஒருவரின் வரவேற்பறைக்கு கோல்ஃப் வரலாற்றைப் படமாக்கித் தருவதாக எங்கள் வீட்டு மாப்பிள்ளை ஒப்புக்கொண்டுவிட்டார். காவிரி மணலைப் பசையில் குழைத்து அப்பினார், அதுதான் மணற்குழியாம். பச்சை தீர்ந்துபோனதால் புல்வெளிக்கு மஞ்சள்தூளும் சொட்டுநீலமும்.

வில்வித்தை கெடுகிறதென்று 1457இல் ஸ்காட்லாந்து இந்த ஆட்டத்தையே தடை செய்தது. அந்த ஆணைக்காகப் பழைய பத்திரத்தாள் ஒன்றைக் கிழித்து ஒட்டினார். (எந்தக் காட்டுப் பத்திரமென்று அத்தைக்கு இன்னும் தெரியாது.) பழைய கோல்ஃப் பந்து, தோலுக்குள் இறகு திணித்தது; வாத்திறகு சிக்காததால் நாட்டுக்கோழி இறகு. 1829இல் தொடங்கிய கல்கத்தா கிளப்புக்கும் ஒரு மூலை.

அப்பாரு எட்டிப் பார்த்தார். "ஏனுங் மாப்ளே, இத்தன புல்லு கெடக்குது, மேய ஒரு எரும கூட இல்லீங்களே?"