சுத்துது மாமா

கல்யாணத்துக்கு வர முடியாதவர்களுக்காகத்தான் யூடியூப் லைவ். லைவ் சரியாக வருகிறதா என்று பார்ப்பதற்காகவே கல்யாணத்துக்கு வராதவர் சுத்துது மாமா.

லைவை ஓட்டுவது நான். ஓமப்புகை கிளம்பும் முன்பே என் போன் அடிக்கும். "தம்பி, சுத்துது." முன்னுரையே கிடையாது.

என் லேப்டாப்பில் யூடியூப் ஸ்டுடியோ திறந்தே இருக்கிறது. போதுமான வீடியோ வந்து சேராவிட்டால், பார்ப்பவர்களுக்குத் தடங்கும் என்று அதுவே எச்சரித்துவிடும். லைவை அனுப்பும் ஓபிஎஸ் மென்பொருளும் தன் பங்குக்கு, விட்டுப்போன ஃப்ரேம்களை எண்ணிக் காட்டும். மாமாவுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. "அது உன் மிஷின் சொல்றது. நான் கண்ணால பாக்குறேன்!"

"உங்க வீட்டு நெட் எப்படி மாமா?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. சம்பளத்தைக் கேட்டதுபோல் முகம் சிவந்துவிடும், போனிலேயே தெரியும்.

ஒருமுறை "படம் அப்படியே நின்னுபோச்சு" என்று பதறினார். மேடையை எட்டிப் பார்த்தேன். ஐயர் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லியிருந்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். இன்னொரு முறை தாலி கட்டி அட்சதையும் போட்டாயிற்று. "இன்னும் கட்டலையே, நேரம் தப்பப்போவுது, ஐயர்கிட்ட சொல்லு!" என்கிறார். லைவ் என்று பெயர்தான். மண்டபத்தில் நடப்பது அவர் டிவிக்குப் போய்ச் சேர அரை நிமிடம்கூட ஆகும்.

ஸ்பீக்கரில் யாராவது சினிமாப் பாட்டைப் போட்டால் பதிப்புரிமைச் சிக்கலில் லைவே மறைக்கப்படலாம். அது நிஜமான ஆபத்து. அப்போது மட்டும் மாமா வாயே திறக்க மாட்டார்.

இனிதான் விஷயம். மண்டபத்து வைஃபையை நம்ப முடியாமல் என் போனின் ஹாட்ஸ்பாட்டில்தான் லைவை ஓட்டுகிறேன். ஒரு சிம்மில் டேட்டா, இன்னொன்றில் என் நம்பர். ஒரு சிம்மில் பேசினால் மற்ற சிம்மின் டேட்டா நின்றுபோவது பல போன்களின் சுபாவம். ஆக, "சுத்துது" என்று சொல்ல மாமா கூப்பிடும்போது எதுவும் சுத்துவதில்லை. நான் எடுத்து "சொல்லுங்க" என்றதும் சுத்த ஆரம்பிக்கும். "நான் சொன்னேன்ல?" என்பார். எடுக்காவிட்டால் பெண்ணின் அப்பாவுக்குப் போகும். தாரை வார்க்கும் ஈரக் கையோடு அவர் என்னைத் தேடிக்கொண்டிருப்பார்.

போன ஆவணியில் ஒரு கல்யாணத்தில் யாரோ மைக் ஒயரை மிதித்துப் பிடுங்கிவிட்டார்கள். நான் கூட்டத்தைப் பிளந்து மேடைக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று முடிச்சும் ஊமைப்படமாக முடிந்துவிட்டது. அன்றைக்கு மட்டும் மாமாவிடமிருந்து ஒரு அழைப்பும் இல்லை. பிறகுதான் தெரிந்தது, என்னோடு போன் பேச வசதியாக டிவியின் சத்தத்தை அவர் எப்போதும் அணைத்தே வைப்பாராம்!

அதே கல்யாணத்தைப் பெண்ணின் அக்கா டொராண்டோவில் நள்ளிரவில் கண்விழித்துப் பார்த்தாள். படம் விட்டுவிட்டு வந்தபோதும் பேசாமல் காத்திருந்தாள். மாமா வீடோ மண்டபத்திலிருந்து இரண்டு பஸ் ஸ்டாப். இதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

கல்யாண வீட்டாரே, லைவ் லிங்கை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள். மாமாவுக்கு மட்டும் ஆட்டோ அனுப்புங்கள். காசு நான் கொடுத்துவிடுகிறேன்.