பயனாளி இலக்கணம்

பாயிரம்: கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகைத் தரம் பிரிக்க ஒரு சாஸ்திரம் உண்டு. லிட்டர் அளவில் 550 கிராம் நிற்பது ஒரு தரம், 500 நிற்பது இன்னொன்று, ஊதினால் பறப்பது வேறொன்று. அந்த ஊர்க் காற்றைச் சுவாசித்த துணிச்சலில் பி.எம். கிசான் பயனாளிகளையும் சலித்துப் பார்க்கிறேன்.

ஒன்றிய அரசு விவசாயிகளுக்காக 2019 பிப்ரவரியில் தொடங்கிய திட்டம் அது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக, நேரே வங்கிக் கணக்குக்கு. இதனோடு தொடர்புடையோர் ஐவகைப்படுவர் என்பது நம் துணிபு. அறுவகை என்பாரும் உளர். அவர்கள் காலமானவர்களைத் தனியாக எண்ணுகிறார்கள்.

முதலாமவர் நிலமும் உழவும் உடையார். திட்டமே இவருக்காகத்தான் என்பதால் உரை வேண்டா.

இரண்டாமவர் நிலம் உடையார், உழவு இல்லார். செல்லானம், கும்பளங்கிப் பக்கம் பொக்காளி வயல்களில் ஒரு பருவம் நெல், மறு பருவம் இறால். வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு எர்ணாகுளத்து அடுக்குமாடியில் இருப்பவரும், பெயரில் நிலம் இருந்தால், விவசாயியே. கேரள அரசு 2020-ல், வயலைத் தூர்க்காமல் வைத்திருக்கும் உரிமையாளருக்கு ஹெக்டேருக்கு 2,000 ரூபாய் ‘ராயல்டி’ அறிவித்தது. அதிலாவது எதற்குப் பணம் என்பது ஒளிவுமறைவில்லாமல் இருக்கிறது.

மூன்றாமவர் உழவு உடையார், நிலம் இல்லார். சேற்றில் நிற்பவர் இவர். குத்தகைக்காரர் என்பதால் பி.எம். கிசானில் இவருக்கு இடமில்லை; இவ்வகை பெறாமையால் அறியப்படும்.

இங்கே ஒரு புறனடை. 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் யார் பெயரில் இருந்ததோ அதுவே கணக்கு. மறுநாள் வயல் வாங்கியவர் விவசாயி ஆகார். தகப்பனார் காலமாகி வாரிசாக வந்தால் ஆவார். தொல்லாசிரியர் எவரும் இவ்வளவு கறாராக விதி செய்ததில்லை.

நான்காமவர் வரி உடையார். வருமான வரி கட்டுவோர், தொழில் செய்யும் மருத்துவர், வழக்கறிஞர், முன்னாள் அமைச்சர், எம்.எல்.ஏ. முதலியோர் பெறக்கூடாது என்பது விதி. ஆனால் தகவல் உரிமை ஆர்வலர் வெங்கடேஷ் நாயக் அந்த உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி 2021 ஜனவரியில் வெளியிட்ட கணக்கு வேறு சொன்னது: தகுதியில்லாத 20.48 லட்சம் பேருக்கு 1,364 கோடி ரூபாய் போயிருந்தது. அவர்களில் பாதிக்கு மேல் வருமான வரி கட்டுவோர்.

ஐந்தாமவர் தோன்றல் விகாரத்தால் பிறந்தவர். 2020-ல் கொரோனா நாட்களில் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில், அதிகாரிகளின் கடவுச்சொல்லைக் கொண்டு தரகர்கள் விவசாயிகளைப் படைத்தார்கள். தமிழ்நாட்டில் ஏறத்தாழ ஐந்தரை லட்சம் பேர், 110 கோடி ரூபாய். பிறகு சி.பி.சி.ஐ.டி. வந்தது, பணம் திரும்ப வசூலானது. அது கெடுதல் விகாரம்.

இனி, இவர்களில் யார் கண்ணுக்குத் தெரிவார் என்னும் இயல். மானியம் பெறுவோர் விவரத்தை, யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு. அதன்படி திட்டத்தின் இணையதளத்தில் கிராமத்தைத் தேர்ந்தெடுத்தால், தவணைக்கு 2,000 ரூபாய் பெறுபவரின் பெயர் வரிசையாக வருகிறது. நாயக் வாங்கிய கணக்கில் செய்தியானதோ பெயர் அல்ல, எண்ணிக்கை.

ஐரோப்பாவில் இது தலைகீழ். 2010 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநில வழக்கில், வேளாண் மானியம் பெறும் தனிமனிதர் எல்லோருடைய பெயரையும் பாகுபாடில்லாமல் வெளியிடுவது தவறு என்றது. 2013-ல் விதி திருத்தப்பட்டபோது, 1,250 யூரோவுக்கு உட்பட்ட மானியம் பெறும் சிறு விவசாயிகளின் பெயரை மறைத்து மற்றவர்கள் பெயரை வெளியிட்டார்கள். அந்த அளவுகோலில் நம் முதலாமவர் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறாது. அவர் ஆண்டு முழுவதும் பெறுவது நூறு யூரோகூட இல்லை.

நாம் பிடித்ததோ வேறு வழி. 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தில் தனிப்பட்ட தகவலை மறுக்க இடம்தரும் 8(1)(ஜே) உட்பிரிவுக்குள் இருந்த பொதுநலன் விதிவிலக்கை எடுத்துவிட வகை செய்தது. நான்காம் வகையாரின் பெயர் என்ன என்று கேட்பவருக்கு, ‘தனிப்பட்ட தகவல்’ என ஒரே வரியில் பதில் எழுத இனி எந்த அலுவலருக்கும் உரை தேவைப்படாது.