முத்தாபுதுப்பேட்டையில் புகைப்படக் கண்காட்சி வைப்பது எப்படி?

முதலில் ஆள் சேர்க்க வேண்டும். தனியாகக் கண்காட்சி வைத்தால் அவர் கலைஞர். கூட்டாக வைத்தால், ஆளுக்கு மூவாயிரம் போட்டவர்கள். பன்னிரண்டு பேர் என்பது நல்ல எண்ணிக்கை. குறைந்தால் மண்டப வாடகை கையைக் கடிக்கும், கூடினால் வாட்ஸாப் குழு இரண்டாக உடையும். எங்களுடையது பதினான்கிலேயே உடைந்தது. சண்டை படத்தைப் பற்றியல்ல, லோகோவில் எந்தக் கம்பெனி கேமராவை வரைவது என்பதைப் பற்றி.

குழுவில் சிலர் கட்டாயம் இருந்தாக வேண்டும். டாங்கி ஃபேக்டரியில் முப்பது வருஷம் உழைத்து, பி.எஃப். பணத்தில் ஒரு பங்கை லென்ஸில் போட்டுவிட்டு வீட்டில் இன்னும் உண்மை விலையைச் சொல்லாத சார் ஒருவர். விடியற்காலை பழவேற்காட்டுக்குக் கிளம்பிப் போய்ப் பூநாரையோடு திரும்பும் பறவைக்காரர் ஒருவர். பேருக்குப் பின்னால் ஏ.எஃப்.ஐ.ஏ.பி. என்று போட்டுக்கொள்பவர் ஒருவர். அது சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பு கொடுக்கும் பட்டம். எங்கள் நோட்டீஸில் அதைப் பார்த்த தெருக்காரர்கள் ஏதோ ஃபாரின் வைத்தியப் படிப்பு என்று நினைத்து அவரிடம் மூட்டுவலிக்கு மருந்து கேட்டார்கள். அப்புறம் கல்யாண ஆல்பம் எடுக்கும் அண்ணன். மொத்தக் குழுவில் கேமராவை வைத்துச் சோறு சாப்பிடுகிறவர் அவர் ஒருவர்தான் என்பதால் அவரை யாரும் கலைஞராக மதிக்க மாட்டார்கள். ஆனால் லைட், ஸ்டாண்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாம் அவர் கடையிலிருந்துதான் வரும்.

கடைசியாக, செல்போனில் மட்டுமே படமெடுக்கும் பையன் ஒருவன். "இவனையெல்லாம் சேர்க்கணுமா சார்?" என்று கேள்வி எழும். சேர்த்துக்கொள்ளுங்கள். ஏணியில் ஏற ஆள் வேண்டும்.

அடுத்தது இடம். சென்னைக்குள் இருப்பவர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமி இருக்கிறது. ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய சோழமண்டலம் இருக்கிறது. 2016-இல் ஆரம்பித்த சென்னை போட்டோ பியனாலே, 2019-இல் இரண்டாம் முறை நடந்தபோது, மெரினாவுக்கு எதிரே சிஷோம் கட்டிய செனட் ஹவுஸிலேயே படங்களை வைத்தார்கள். நம் ஊரிலிருந்து அதைப் பார்க்கப் போவதென்றால் ஷேர் ஆட்டோவில் ஆவடி, அங்கிருந்து சென்ட்ரல் லோக்கல், பிறகு இன்னொரு பஸ். போய்ச் சேரும்போது கண்ணுக்குத் தண்ணீர் பாட்டில் மட்டும்தான் தெரியும். ஆகவே உள்ளூர்க் கலையரங்கம்தான் வழி. நம் பக்கத்தில் கலையரங்கம் என்று போர்டு இருந்தால் அது கல்யாண மண்டபம் என்று அர்த்தம். அதன் சாப்பாட்டுக் கூடம்தான் உங்கள் கேலரி. சுவரில் சாம்பார் வாசனை ஊறியிருக்கும். அதைக் கேன்வாஸின் தன்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாடகை குறைய வேண்டுமானால் ஆடியில் கேளுங்கள். முகூர்த்தம் இல்லை, மண்டபக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார், பாதிக்கு இறங்கி வருவார். இதில் இரண்டு சங்கடங்கள். ஒன்று, நாலு தெருவிலும் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். எல்.ஆர். ஈஸ்வரியின் குரலுக்கு மேல் யாரும் கலையைப் பற்றிப் பேச முடியாது. இரண்டு, ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊரில் நீங்கள் சன்போர்டு மாட்டப் போகிறீர்கள்.

நோட்டீஸில் 'புகைப்படக் கண்காட்சி' என்று போட்டால் கண்டிப்பாகப் பத்துப் பேராவது "எந்தப் படம் சார்? எத்தனை மணி ஷோ?" என்று போன் செய்வார்கள். திட்டாதீர்கள். மாலைக்காட்சி ஆறு மணிக்கு என்று சொல்லி வைத்தால் அதில் நாலு பேர் வருவார்கள். மொத்தக் கூட்டத்தில் அது கணிசமான பங்கு.

இனி படத் தேர்வு. ஆளுக்கு மூன்று படம் என்று பேசுவீர்கள், ஆளுக்குப் பதினைந்து வந்து இறங்கும். இது இன்றைக்கு வந்த வியாதி இல்லை. 1855-இல் மதராஸில் ஒரு பெரிய பொருட்காட்சி நடந்தது. கம்பெனிப் பட்டாளத்து அதிகாரி லின்னேயஸ் ட்ரைப், தான் கோயில் கோயிலாக எடுத்த படங்களைக் கொண்டுவந்து வைத்தார். எத்தனை? 68. நடுவர்களும் சளைக்காமல் பார்த்து, இருப்பதில் இதுதான் சிறந்தது என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து நம்மவர்களுக்குக் குறைத்துக்கொள்ள மனசு வருவதில்லை.

தேர்வுக் கமிட்டி என்று மூன்று பேரைப் போடுங்கள். மூன்று பேரும் தங்கள் படம் ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுப்பார்கள். மிச்சத்தில் குலசேகரப்பட்டினம் தசரா பதினொன்று இருக்கும். அத்தனையிலும் முகத்தில் சாயம் பூசிய ஒரே காளி. பின்னால் நின்று படமெடுக்கும் நம் ஆட்கள் சில படங்களில் தெளிவாகவே விழுந்திருப்பார்கள். காசி சாமியார் ஏழு. டயர் உருட்டும் பையன்கள் நான்கு. சுருக்கம் விழுந்த பாட்டி சிரிப்பது, கணக்கில்லை. அந்தப் பாட்டிகளை எல்லாம் ஒரே பஸ்ஸில் ஏற்றி வந்தால் கண்காட்சிக்குக் கூட்டம் சேர்ந்துவிடும் என்று ஆல்பம் அண்ணன் சொன்னதில் நியாயம் இருந்தது.

முத்தாபுதுப்பேட்டைப் படம் ஒன்றுகூட இருக்காது. இதற்காகக் குழுவைக் கோபிப்பதில் அர்த்தமில்லை. இந்தப் பக்கம் விமானப்படை நிலையம், அந்தப் பக்கம் டாங்கி ஃபேக்டரி, நடுவில் ரிசர்வ் போலீஸ். நீளமாக ஒரு காம்பவுண்டு சுவர் வந்தால் அதில் படம் எடுக்கத் தடை என்று ஒரு போர்டும் வரும். சுவரை எடுத்தாலும் குற்றம், சுவர்மேல் உட்கார்ந்த மைனாவை எடுத்தாலும் ஒரு சிப்பாய் வந்து போனை வாங்கிப் பார்ப்பார். பறவைக்காரர் பழவேற்காட்டுக்குப் போவதற்கு இதுதான் மூல காரணம். சொந்த ஊரில் கேமராவைப் பைக்குள் வைத்துக்கொள்ளப் பழகிய கை, சுவர் இல்லாத தெருவுக்கு வந்தாலும் அதை வெளியே எடுப்பதில்லை.

எடிட்டிங் விஷயத்தில் ஒரு பஞ்சாயத்து நடக்கும். வானத்தை மாற்றலாமா? நிலாவைப் பெரிதாக்கலாமா? பறவைக்காரரின் ஒரு படத்தில் பன்னிரண்டு நாரை. அதில் ஏழு நிஜம் என்று அவரே ஒப்புக்கொண்டார். இதற்கு மறுபடியும் ட்ரைப்தான் துணை. அந்தக் காலத்துக் காகித நெகட்டிவில் வானம் வெறும் வெள்ளையாக விழும். மனுஷன் உட்கார்ந்து தூரிகையால் மேகம் வரைந்து சேர்த்தார், மரத்துக்கு இலையும் வைத்தார். ஆக இது நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக நடந்து வரும் மதராஸ் சம்பிரதாயம் என்று சொல்லிப் பஞ்சாயத்தை முடிக்கலாம். நான் முடித்தேன்.

பிரிண்ட் போடும்போது வாட்ஸாப்பில் வந்த படத்தை அப்படியே கடைக்கு அனுப்பாதீர்கள். 12-க்கு 18 அங்குலத்தில் பாட்டியின் சுருக்கமெல்லாம் சதுரம் சதுரமாகிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பு என்று குழுவில் ஆறு முறை சொல்லுங்கள், ஏழாவது முறையும் சாதாரணமாகத்தான் வரும். ட்ரைப் 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் அடிவரிசைக் கல்வெட்டுகளை 21 நெகட்டிவாக எடுத்து, ஒன்றோடொன்று சேர்த்து, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். நம் சார் ஒரு காளியைக் கழுத்தோடு வெட்டிக் கடைக்கு அனுப்பினார். லேமினேஷன் வேண்டுமானால் மேட் சொல்லுங்கள். பளபளப்பு சொன்னால் டியூப்லைட்தான் கண்காட்சிக்கு வந்திருக்கும்.

மாட்டுவதற்கு ஒரு விதி உண்டு. படத்தின் மையம் தரையிலிருந்து ஏறக்குறைய 57 அங்குலத்தில், சராசரி ஆளின் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். மியூசியங்களில் அப்படித்தான். மண்டபத்துக்கும் ஒரு விதி உண்டு: ஆணி அடிக்கக் கூடாது, டேப் ஒட்டினால் பெயின்ட் காசு தனி. இரண்டு விதிகளும் மோதும்போது மண்டப விதியே வெல்லும். ஜன்னல் கம்பிக்கும் ஜன்னல் கம்பிக்கும் சணல் கயிறு கட்டி, துணிக் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். ஃபேனைப் போட்டால் காசி சாமியார்கள் மெதுவாக ஆடுவார்கள். ஃபேனை நிறுத்தினால் பார்வையாளர் போய்விடுவார். நாங்கள் இரண்டாம் நம்பரில் வைத்தோம்.

யார் படம் எங்கே என்பதை இரவு பத்து மணிக்கு மேல் முடிவு செய்யுங்கள், களைப்பில் சண்டை சீக்கிரம் அடங்கும். வாசலுக்கு எதிரே இருக்கும் இடம் அதிகம் பணம் போட்டவருக்கு. மேடைப் பக்கம் பட்டம் வாங்கியவருக்கு. கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்துச் சுவர் செல்போன் பையனுக்கு.

தலைப்பு வைப்பதில் சிரமப்படாதீர்கள். ஒற்றைச் சொல் போதும்: 'பசி', 'ஏக்கம்', 'தாகம்', 'வாழ்க்கை'. எதை எதன் கீழே ஒட்டினாலும் பொருந்தும். எங்களுடையதில் இரண்டு மாறி ஒட்டப்பட்டு, பூநாரைக்குக் கீழே 'முதுமை' என்று மூன்று நாளும் இருந்தது. பார்த்த ஒருவர் ஆழமான சிந்தனை என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனார். சிந்தனை என்றதும் ஞாபகம் வருகிறது. 2024 டிசம்பரில் தொடங்கிய நான்காவது பியனாலேயின் தலைப்பே 'ஏன் படமெடுக்க வேண்டும்?' என்பதுதான். அந்தக் கேள்வியை எங்கள் குழுவிலும் போட்டுப் பார்த்தேன். "லென்ஸ் வாங்கியாச்சே" என்று சார் பதில் போட்டார். அதற்கு ஒன்பது கட்டைவிரல் விழுந்தது.

திறப்பு விழாவுக்குச் சிறப்பு விருந்தினரைப் பத்து மணிக்குக் கூப்பிட்டால் பதினொன்றரைக்கு வருவார். பொன்னாடை, குத்துவிளக்கு, ரிப்பன். ஆவடி வட்டாரத்தில் மேடை ஏறுகிற யாரும் 1955 காங்கிரஸ் மாநாட்டையும் அங்கே நிறைவேறிய சோஷலிசத் தீர்மானத்தையும் தொடாமல் இறங்கியதில்லை. எங்கள் விருந்தினர் 1955-இல் ஆரம்பித்து, ஈஸ்வரி அம்மாவோடு போட்டி போட்டு, கேமரா வரை வந்து சேர நாற்பது நிமிஷம் ஆயிற்று. பிறகு சுற்றிப் பார்த்தார். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நிற்பார், படம் பிடித்தவரைக் கூப்பிட்டுக் கைகுலுக்குவார், அதைப் பத்து கேமரா படமெடுக்கும். கண்காட்சியில் தொங்கிய படங்களைவிட அன்றைக்குக் கண்காட்சியில் எடுத்த படங்கள்தான் ஜாஸ்தி. போகும்போது, "இதெல்லாம் இப்ப செல்லுலயே எடுக்கலாமே?" என்று கேட்டார். சார் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

பார்வையாளர்கள் விஷயத்தில் எதிர்பார்ப்பை அளவோடு வையுங்கள். முதல் நாள் உறவினர்கள் வந்து, அவரவர் வீட்டு ஆளின் படத்தை மட்டும் பார்த்து, அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள். இரண்டாம் நாள் கூழ் குடித்துவிட்டு ஃபேன் காற்றுக்காக வந்தவர்கள்.

டீயை மட்டும் பக்கத்துக் கடையிலேயே சொல்லுங்கள். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடையில் சொல்லியிருந்தோம். ஃபிளாஸ்க்கை எடுத்து வந்த பையன் கிளாஸைக் கழுவத் தொட்டிப் பக்கம் போனான். போனவன் திரும்பவில்லை. எட்டிப் பார்த்தால் செல்போன் பையனின் படத்துக்கு முன்னால் நிற்கிறான். குழு தசரா எடுக்கக் குலசேகரப்பட்டினம் போன வேனைத் தவறவிட்ட அன்று காலை, பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அவன் எடுத்த படம் அது. டீ மாஸ்டர் ஒரு கையை மேலே தூக்கி ஆற்றுகிறார். ஆவியில் முகம் பாதி மறைந்திருக்கிறது. தலைப்பு எழுத மறந்திருந்தான்.

கால் மணி நேரத்தில் மாஸ்டரே வந்துவிட்டார், தோளில் துண்டோடு, பின்னால் கடையில் நின்றிருந்த ஆறேழு பேரோடு. மூன்று நாளில் ஒரு படத்துக்கு முன் கூட்டம் கூடியது அந்த ஒரு தடவைதான். "அது நம்ம பழைய பாய்லர்," என்றார் ஒருவர். "பெஞ்சுல உக்காந்திருக்கிறது நம்ம கீரைக்காரம்மா பையன்," என்றார் இன்னொருவர். மாஸ்டர் மட்டும் ஒன்றும் பேசாமல், மூக்கு படத்தில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். தன் முகத்தைப் பார்க்கிறார் என்று நினைத்தோம்.

"தம்பி, பின்னாடி போர்டுல டீ பத்து ரூபான்னு இருக்கே. இப்ப பன்னெண்டு. மாத்திடு."

"படத்துல எப்டி அண்ணே மாத்துறது?"

மாஸ்டர் பறவைக்காரரைக் காட்டினார். "அந்த சார் இல்லாத கொக்கையே கொண்டாந்து வெச்சிருக்காராமே. ரெண்டு ரூபா ஏத்த முடியாதா?"

மூன்றாம் நாள் சாயங்காலம் கயிற்றை அவிழ்த்தபோது, விலை போன ஒரே படம் அதுதான். விலை, மூன்று நாள் டீக்கணக்கு. இப்போது அது கடையில், பாய்லருக்கு மேலே தொங்குகிறது. போர்டில் இருந்த பத்தின் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, பால்பாயின்ட் பேனாவால் 12 என்று எழுதியிருந்தார்கள். போன வாரம் பார்த்தேன். அதன் மேலே இன்னொரு துண்டு ஒட்டி, 15.